வாழ்ந்து கெட்ட வீட்டின் நாற்காலி

2017 ஜூன் நடுவில் ஒருவர் வரவில்லை என்று சொல்லிவிட்டார். ஸ்காட்லாந்தில் அபர்தீன் அணிக்கு மேனேஜராக இருந்த டெரெக் மெக்கின்னஸ். அவரைக் கூப்பிட்டது இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் இருக்கும் சண்டர்லாந்து கிளப். பத்து வருடம் பிரீமியர் லீக்கில் இருந்துவிட்டு அந்த ஏப்ரலில்தான் இரண்டாம் பிரிவான சாம்பியன்ஷிப்புக்கு இறங்கியிருந்தது. அபர்தீனோடு ஒப்பிட்டால் பணமும் மைதானமும் கூட்டமும் எல்லாமே பெரிது. ஆனாலும் அவர் இருக்கிற இடத்திலேயே இருந்துகொண்டார். விளையாட்டுப் பக்கத்தில் ஒரு நாள் ஓடிய செய்தி அது. எனக்கு மட்டும் அது மனசை விட்டுப் போகவில்லை. பெரிய வீட்டிலிருந்து ஆள் அனுப்பிக் கூப்பிட்டும் ஒருவர் வர மறுக்கிறார் என்றால், அந்த வீட்டுக்காரர்கள் தங்களைப் பற்றி அறியாத எதையோ வெளியில் இருப்பவர் அறிந்திருக்கிறார் என்றுதானே பொருள்.

வாழ்ந்து கெட்ட வீடு என்று நம்மிடம் ஒரு சொல் உண்டு. ஏழை வீடு வேறு, இது வேறு. ஏழை வீட்டில் உலைக்கு ஏற்ற பானை இருக்கும். வாழ்ந்து கெட்ட வீட்டில் ஐம்பது பேருக்கு வடிக்கும் அண்டா பரணில் கிடக்க, கீழே நாலு பேருக்குக் கஞ்சி கொதிக்கும். தரமிறங்கிய கால்பந்து கிளப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த அண்டாதான் ஞாபகம் வருகிறது. சண்டர்லாந்தின் மைதானத்தில் ஏறக்குறைய 49,000 பேர் உட்காரலாம். ஆறு முறை இங்கிலாந்தின் லீக் சாம்பியன், கடைசியாக 1936-ல். எஃப்.ஏ. கோப்பை இரண்டு முறை, 1937-லும் 1973-லும். கதைகள் நிறைய, கூடம் பெரிசு. அந்த வீட்டுக்குத்தான் இப்போது கணக்குவழக்கைப் பார்த்து, அடுப்பை அணையாமல் வைத்திருக்க ஓர் ஆள் வேண்டும்.

மைதானத்தின் பெயர் ஸ்டேடியம் ஆஃப் லைட். 1997-ல் திறந்தது. அது நிற்கும் நிலத்தில் அதற்கு முன் இருந்தது மங்க்வேர்மவுத் நிலக்கரிச் சுரங்கம். 1993-ல் அதை மூடினார்கள். அதற்கு ஐந்து வருடம் முன்பு, 1988-ல், வேர் ஆற்றங்கரையின் கப்பல் கட்டும் தொழில் முடிந்துபோயிருந்தது. மைதானத்துக்கு வெளியே சுரங்கத் தொழிலாளிகள் கையில் எடுத்துச் சென்ற டேவி விளக்கைப் பெரிதாக வடித்து வைத்திருக்கிறார்கள். தகப்பனும் தாத்தாவும் இறங்கிப் போன குழிக்கு மேலே பேரன் சீட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். கப்பலும் போய், கரியும் போய், ஊருக்கு என்று மிச்சமிருப்பது சனிக்கிழமை மத்தியானம் மட்டும்தான். அப்படிப்பட்ட ஊரில் மேனேஜர் யார் என்பது வேலைக்கு ஆள் எடுக்கும் விஷயமாக மட்டும் இருக்க முடியாது.

தரமிறக்கம் என்றால் என்ன நடக்கிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். தொலைக்காட்சி ஒளிபரப்பில் வரும் பங்குதான் பிரீமியர் லீக் கிளப்புகளின் உயிர்நாடி. இறங்கியதும் அது நின்றுவிடும். விழுகிறவர்கள் ஒரேயடியாக நொறுங்கிவிடக் கூடாது என்று 'பாராசூட்' தொகை ஒன்று தருகிறார்கள். சரிசமமாகப் பிரிக்கும் ஒளிபரப்புப் பணத்தில் முதல் வருடம் 55 சதவீதம், இரண்டாம் வருடம் 45, மூன்றாம் வருடம் 20. மேலே ஒரே ஒரு வருடம் இருந்துவிட்டு இறங்கியவர்களுக்கு அந்த மூன்றாவது தவணையும் கிடையாது. வருமானம் இப்படிப் படிப்படியாகக் குறையும்போது சம்பள ஒப்பந்தங்கள் பழைய கணக்கிலேயே நிற்கும். இறங்கினால் சம்பளம் குறையும் என்ற ஷரத்து சிலருடைய ஒப்பந்தத்தில் இருக்கும், சிலருடையதில் இருக்காது. இறங்கினால் காசில்லாமல் விலகிக்கொள்ளலாம் என்ற ஷரத்து, கோல் அடிக்கிறவருடைய ஒப்பந்தத்தில் இருந்து தொலைக்கும். சண்டர்லாந்துக்கு அதுதான் நடந்தது. அந்த வருடம் அணியில் அதிக கோல் அடித்த ஜெர்மெய்ன் டெஃபோ இலவசமாகப் போனார். கோல்கீப்பர் ஜோர்டன் பிக்ஃபோர்டை எவர்ட்டன் வாங்கிக்கொண்டது. விலைக்குப் போகக்கூடியவர்கள் போய்விட, போக முடியாதவர்களும் போக மனமில்லாதவர்களும் மிஞ்சினார்கள். புதிதாக வருகிற மேனேஜர் ஜூலை முதல் வாரம் பயிற்சித் திடலில் பார்ப்பது இந்த முகங்களைத்தான்.

மெக்கின்னஸ் மறுத்த பிறகு வந்தவர் சைமன் கிரேசன். தப்பான ஆள் என்று அன்றைக்கு யாரும் சொல்லியிருக்க முடியாது. பிளாக்பூல், லீட்ஸ், ஹடர்ஸ்ஃபீல்ட், பிரெஸ்டன் என்று நான்கு கிளப்புகளை மூன்றாம் பிரிவிலிருந்து இரண்டாம் பிரிவுக்கு ஏற்றியவர். ஏணி தெரிந்தவர். ஏறத் தெரிந்தவரைக் கூப்பிட்டால் ஏற்றிவிடுவார் என்பதுதான் தேர்வின் தர்க்கம். அந்தத் தர்க்கத்துக்குள் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. விழுந்தது ஒரு விபத்து, வீடு நன்றாகத்தான் இருக்கிறது, வழி காட்ட ஆள் இருந்தால் பழைய இடத்துக்குப் போய்விடலாம். பதினைந்து லீக் ஆட்டங்களில் ஒரே ஒரு வெற்றி. அக்டோபர் 31-ஆம் தேதி போல்ட்டனோடு 3–3 என்று சொந்த மைதானத்தில் சமன் செய்த அதே இரவில், ஆட்டம் முடிந்து கூட்டம் கலைந்து தீருமுன்னே, அவரை அனுப்பிவிட்டார்கள்.

அந்த ஊர் மக்கள் தங்கள் மைதானத்தில் ஒரு வெற்றியைப் பார்க்க 364 நாள் காத்திருந்தார்கள். 2016 டிசம்பர் 17-ல் வாட்ஃபோர்டை வென்றது. அடுத்து 2017 டிசம்பர் 16-ல் ஃபுல்லமை 1–0 என்று வென்றது. கோல் அடித்தவன் ஜோஷ் மாஜா, பதினெட்டு வயதுப் பையன். இடைப்பட்ட நாட்களில் ஒரு குழந்தை பிறந்து, குப்புற விழுந்து, தவழ்ந்து, எழுந்து நிற்கும் அளவுக்கு வளர்ந்திருக்கும். அப்போது கிரேசன் இடத்தில் இருந்தவர் கிறிஸ் கோல்மன். வேல்ஸ் நாட்டை 2016 யூரோ கோப்பையின் அரையிறுதி வரை கூட்டிப்போனவர். பெரிய பெயர், நல்ல மனிதர், கூட்டத்தோடு மனம்விட்டுப் பேசுகிறவர். ஏப்ரல் 21-ஆம் தேதி பர்ட்டன் என்ற சின்ன கிளப்போடு சொந்த மைதானத்தில் 2–1 என்று தோற்று, அணி மூன்றாம் பிரிவுக்கு இறங்கியது. பர்ட்டனுக்காக அன்று சமன் கோலைத் தலையால் முட்டி அடித்த டேரன் பென்ட், ஒருகாலத்தில் சண்டர்லாந்தின் சட்டையில் கோல் அடித்துக்கொண்டிருந்தவர். 37 புள்ளிகள், கடைசி இடம். எட்டு நாளில் கோல்மனும் போனார்.

இந்த வருடத்தைத்தான் நெட்ஃபிளிக்ஸ் தொடராக எடுத்தது. நான் சண்டர்லாந்தைப் பின்தொடர ஆரம்பித்ததும் அதிலிருந்துதான். தொடர் தொடங்குவது மைதானத்தில் இல்லை, தேவாலயத்தில். பாதிரியார் பூசையின் நடுவே, கிளப்புக்காகவும் ஊருக்காகவும் வேண்டிக்கொள்ளச் சொல்கிறார். கூடியிருப்பவர்களில் யாருமே அதற்குச் சிரிக்கவில்லை. நோயாளிக்கும் பயணிக்கும் மழைக்கும் வேண்டிக்கொள்வது போலத்தான் அதுவும். கிளப்பின் உணவுக்கூடத்தில் சமைக்கும் ஒரு பெண் தொடர் முழுக்க வருகிறார். வீரர்கள் வருவார்கள், போவார்கள். அவர் இங்கேயே இருக்கிறவர். ஒவ்வொரு புது மேனேஜருக்கும் என்ன பிடிக்கும் என்று புதிதாகத் தெரிந்துகொள்ள வேண்டியவர். நாற்காலியில் யாரை உட்கார வைப்பது என்று தீர்மானிக்கிறவர்கள் ஒரு நிமிடம் அந்தச் சமையலறையில் நின்று யோசித்தால் நல்லது என்று எனக்குத் தோன்றியது.

அதற்குப் பின் வந்தவர்களைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். ஜாக் ராஸ், ஃபில் பார்க்கின்சன், லீ ஜான்சன், அலெக்ஸ் நீல், டோனி மோப்ரே, மைக்கேல் பீல். கிரேசனையும் கோல்மனையும் சேர்த்தால் எட்டுப் பேர், ஏழு வருடத்துக்குள். மூன்றாம் பிரிவில் ஒரு வருடம் என்று நினைத்தது நான்கு வருடமாயிற்று. ராஸின் அணி 2019 மே மாதம் வெம்பிளியில் சார்ல்ட்டனோடு ஆடிய மேலே ஏறுவதற்கான ப்ளே-ஆஃப் இறுதி ஆட்டத்தை 94-ஆவது நிமிடத்தில் இழந்தது. ஐந்து மாதத்தில் ராஸ் இல்லை. இவ்வளவு நடந்தும் ஜனம் வருவதை நிறுத்தவில்லை. 2018 கிறிஸ்துமஸுக்கு மறுநாள் மூன்றாம் பிரிவு ஆட்டம் ஒன்றுக்கு 46,039 பேர் வந்தார்கள். அந்தப் பிரிவுக்கு 'லீக் ஒன்' என்று பெயர் வந்த பிறகு அதுவரை அப்படிக் கூடியதில்லை. அண்டா அன்றைக்கு நிறைந்தது. 2022-ல் அலெக்ஸ் நீல்தான் அவர்களை மூன்றாம் பிரிவிலிருந்து மீட்டார். மூன்று மாதத்தில் அவரும் வேறு கிளப்புக்குப் போய்விட்டார்.

அண்டை ஊர்க் கதையை இங்கே சொல்லாமல் தாண்ட முடியவில்லை. சண்டர்லாந்துக்காரர்களுக்கு நியூகாசில் பெயரைச் சொன்னால் பிடிக்காது, இருந்தாலும் சொல்கிறேன். 2009 மே மாதம் நியூகாசில் தரமிறங்கியது. கடைசி எட்டு ஆட்டங்களுக்கு ஊரின் செல்லப்பிள்ளை ஆலன் ஷியரரைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். ஒன்றில்தான் ஜெயிக்க முடிந்தது. அந்தக் கோடை முழுதும் முதலாளி கிளப்பை விற்கப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்காலிக்கு யார் என்று யாரும் சொல்லவில்லை. ஷியரர் அழைப்புக்குக் காத்திருந்தார். துணைப் பயிற்சியாளராக இருந்த கிறிஸ் ஹியூட்டன் தினமும் காலையில் வந்து பயிற்சியை நடத்திக்கொண்டிருந்தார். ஜூலையில் லேட்டன் ஓரியன்ட் என்ற கீழ்ப்பிரிவு அணியோடு ஆடிய பயிற்சி ஆட்டத்தில் 6–1 என்று தோற்றார்கள். அவமானம் தாங்காமல் வீரர்கள் தங்களுக்குள் கூடிப் பேசினார்கள். யார் இருக்க விரும்புகிறார்கள், யார் போக விரும்புகிறார்கள் என்பது அங்கே தெளிந்தது. ஹியூட்டனை நிரந்தரமாக்கியது அக்டோபர் 27-ஆம் தேதி, அணி ஏற்கெனவே பந்தயத்தில் முன்னால் ஓடிக்கொண்டிருந்தபோது. சீசன் முடிவில் 102 புள்ளிகள், சாம்பியன், சொந்த மைதானத்தில் ஒரு தோல்வியும் இல்லை.

ஹியூட்டனை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. மற்றவர்கள் எல்லோரும் கிளம்பியபோது அவர் இருந்தார். இறங்கின வருடத்தில் அங்கே வேலை செய்தவர், இறங்கினதைக் கண்ணால் பார்த்தவர், அதை விபத்து என்று நினைக்க அவருக்கு வசதி இருக்கவில்லை. கிரேசன் வெளியிலிருந்து ஏணியோடு வந்தார். ஹியூட்டன் பள்ளத்துக்குள்ளேயே நின்றிருந்தார். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது, இறங்கிய வீட்டுக்கு ஆள் பார்ப்பவர்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி எப்படி மேலே போவாய் என்பதாக இருக்காது என்று எனக்கு உறுதியாகப் படுகிறது. இங்கே என்ன இருக்கிறது என்று சொல் பார்க்கலாம் என்றுதான் கேட்க வேண்டும். மேலே போன எட்டு மாதத்தில், 2010 டிசம்பரில், ஹியூட்டனை வேலையை விட்டு அனுப்பினார்கள் என்பது எழுதவே கசப்பாக இருக்கிறது. ஏறிய வீடுகள் முதலில் மறப்பது இறங்கியிருந்த நாளில் கூட இருந்தவரை.

தோற்றவர் என்று ஒருவர்மேல் எழுதிவிடுவதும் இதே அவசரத்தின் இன்னொரு முகம். பர்ன்லி 2022-ல் இறங்கியபோது வின்சன்ட் கொம்பனியை எடுத்தது. 101 புள்ளிகளோடு சாம்பியன் ஆனார். அதற்கடுத்த வருடமே பிரீமியர் லீக்கில் 24 புள்ளிகள், மறுபடி இறக்கம். அந்த மே மாதமே பயர்ன் மியூனிக் அவரைக் கூட்டிக்கொண்டு போனது. மறுவருடம் ஜெர்மன் லீக்கை வென்றார். சண்டர்லாந்தை 2017-ல் கடைசி இடத்தில் விட்டுவிட்டு ராஜினாமா செய்த டேவிட் மோயஸ், 2023-ல் வெஸ்ட் ஹாமுக்கு ஐரோப்பியக் கோப்பை ஒன்றை வாங்கிக் கொடுத்தார். அதே மனிதர்தான். சண்டர்லாந்தில் அவருக்கு 24 புள்ளிகள் கிடைத்தது அவருடைய குறைபாடா, வீட்டின் குறைபாடா என்று அந்த ஜூன் மாதம் யாராவது உட்கார்ந்து பேசியிருந்தால் கிரேசனுக்கு அந்தக் கொடுமை நேர்ந்திருக்காது என்று நினைக்கிறேன்.

2024 பிப்ரவரியில் மைக்கேல் பீலை அனுப்பிய பிறகு சண்டர்லாந்து ஒன்றைச் செய்தது. நாற்காலியைக் காலியாக விட்டது. உள்ளே இருந்த ஒரு பயிற்சியாளர் மிச்ச ஆட்டங்களைப் பார்த்துக்கொண்டார். அணி 16-ஆவது இடத்தில் முடித்தது. மார்ச் போய், ஏப்ரல் போய், மே போயிற்று. ரசிகர்கள் பொறுமை இழந்தார்கள். கிளப்பை வழிநடத்துகிறவர்களுக்குத் தூக்கம் கலைந்துவிட்டதா இல்லையா என்று கேட்டார்கள். நானும் அந்தக் கோபத்தில் கொஞ்சம் பங்கு வைத்திருந்தேன். இப்போது யோசித்தால் அந்த நான்கு மாதம்தான் ஏழு வருடத்தில் அந்த வீடு செய்த மிக நிதானமான காரியமாகத் தெரிகிறது. இதற்குள் வீட்டின் அமைப்பே மாறியிருந்தது. 2021-ல் கிளப்பின் தலைமை 23 வயதான கிரில் லூயி-டிரேஃபஸ் கைக்கு வந்திருந்தது. வீரர்களை வாங்குவதும் விற்பதும் விளையாட்டு இயக்குநர் ஒருவர் பொறுப்பு. இளைஞர்களாகப் பார்த்து எடுத்து வளர்ப்பது என்று ஒரு வழி வகுத்திருந்தார்கள். நாற்காலியின் பெயரும் சுருங்கியிருந்தது. பழைய ஆங்கில 'மேனேஜர்' பயிற்சி கொடுப்பார், ஆள் வாங்குவார், விற்பார், சாப்பாட்டுப் பட்டியல்கூட அவர் போடுவார். இப்போது உட்காரப்போகிறவர் தலைமைப் பயிற்சியாளர் மட்டும். அரசர் வேண்டாம், வாத்தியார் போதும் என்று வீடு ஒத்துக்கொண்டிருந்தது.

ஜூன் 22-ஆம் தேதி பெயரைச் சொன்னார்கள். ரெஜிஸ் லு பிரி. பிரான்ஸின் லொரியன்ட் கிளப்பில் பல வருடம் இளைஞர் பயிற்சிப் பள்ளியை நடத்தி, பிறகு 2022-ல் முதல் அணியின் பொறுப்புக்கு வந்தவர். முதல் வருடம் பத்தாவது இடம். இரண்டாம் வருடம் இறக்கம். ஒரு மாதம் முன்புதான் தன் அணியோடு தரமிறங்கியிருந்தார். கடைசி நாள் ஆட்டத்தில் கிளெர்மோனை 5–0 என்று வென்றும் போதவில்லை. அந்த ஆளை, இன்னும் காயம் ஆறாத அந்த ஆளை, சண்டர்லாந்து கூப்பிட்டது. வந்தார். எட்டுப் பேர் உட்கார்ந்து எழுந்த நாற்காலி என்று தெரிந்துதான் வந்தார்.

அந்த வருடத்தின் முடிவு ஒழுங்காக இல்லை. கடைசி ஐந்து லீக் ஆட்டங்களையும் தோற்று, 76 புள்ளிகளோடு நான்காவதாக ப்ளே-ஆஃபுக்குள் வந்தார்கள். அரையிறுதியின் இரண்டாம் ஆட்டத்தில் கவன்ட்ரியோடு கூடுதல் நேரமும் முடிந்து, பெனால்டிக்குப் போகப்போகிற நொடியில், ஒரு கார்னர். டேன் பல்லார்டின் தலையில் பட்ட பந்து குறுக்குக் கம்பத்தின் அடிப்பக்கத்தை மோதி உள்ளே விழுந்தது. ஸ்டேடியம் ஆஃப் லைட்டில் அப்போது எழுந்த சத்தத்தைக் கேட்டவர்களுக்கு, கீழே மூடிக்கிடக்கும் சுரங்கம் வரைக்கும் அது இறங்கியிருக்கும் என்று தோன்றியிருக்கும்.

2025 மே 24, சனிக்கிழமை. நம் நேரப்படி மாலை ஏழரைக்கு வெம்பிளியில் இறுதி ஆட்டம். எதிரில் ஷெஃபீல்ட் யுனைடெட், லீக்கில் 90 புள்ளி எடுத்தவர்கள், சண்டர்லாந்தைவிட பதினான்கு அதிகம். ஆரம்பத்திலேயே லூக் ஓ'நியன் தோள்பட்டை விலகி வெளியே போனார். 2018-ல், வீடு மூன்றாம் பிரிவில் கிடந்தபோது வந்து சேர்ந்தவர் அவர். நான்கு வருடமும் கூடவே இருந்தவர். கையைக் கட்டிக்கொண்டு வெளியே நின்று மிச்ச ஆட்டத்தைப் பார்த்தார். 25-ஆவது நிமிடத்தில் ஷெஃபீல்ட் கோல். இரண்டாவதும் விழுந்தது, ஆனால் காணொளியைப் பார்த்து ரத்து செய்தார்கள். 76-ஆவது நிமிடத்தில் எலியேசர் மயென்டா மேல்வலைக்குள் ஏற்றினான். பிறகு காயத்துக்கான கூடுதல் நேரத்தின் ஐந்தாவது நிமிடத்தில், எதிரணியின் தடுமாற்றத்தில் கிடைத்த பந்தை எடுத்துக்கொண்டு டாம் வாட்சன் பெட்டிக்கு வெளியிலிருந்து தாழ்வாக, மூலைக்கு வளைத்தான். பத்தொன்பது வயது, டர்ஹம் பக்கத்துப் பையன், சின்ன வயதிலிருந்தே இந்தக் கிளப்பில் வளர்ந்தவன். அடுத்த சீசனில் பிரைட்டனுக்குப் போவதாக ஏற்கெனவே முடிவாகியிருந்தது. அந்த கோல்தான் சண்டர்லாந்து சட்டையில் அவன் கடைசியாகச் செய்தது.

தோற்ற ஷெஃபீல்ட் யுனைடெட் அடுத்த மாதமே கிறிஸ் வைல்டரை அனுப்பிவிட்டது. 90 புள்ளி எடுத்துக் கொடுத்தவர். புதிதாக வந்தவர் ஐந்து லீக் ஆட்டங்களையும் தோற்க, செப்டம்பரில் திரும்ப வைல்டரையே கூப்பிட்டார்கள். அவரும் வந்தார். அந்த நான்கு மாதத்தில் அங்கே நடந்ததை நினைத்தால் எனக்குப் பரிதாபமாகத்தான் இருக்கிறது. வேறு யாரையும்விட சண்டர்லாந்துக்காரர்களுக்கு அது நன்றாகப் புரியும்.

லு பிரி விட்டுவந்த வீட்டில் என்ன நடந்தது என்று பிறகு தேடிப் பார்த்தேன். லொரியன்ட்டும் துறைமுக ஊர், பிரிட்டனி கரையில். இரண்டாம் உலகப்போரில் குண்டு விழுந்து தரைமட்டமாகி, மறுபடி எழும்பிய ஊர். அவர்களும் அந்தக் கோடையில் காலி நாற்காலிக்கு ஆள் பார்த்தார்கள். எடுத்தது ஒலிவியே பன்டலோனியை. கோர்சிகாத் தீவின் அஜாக்ஸியோ கிளப்பை பத்து வருடத்துக்குப் பக்கமாகப் பார்த்துக்கொண்டவர். அந்த அணியை 2022-ல் முதல் பிரிவுக்கு ஏற்றியவர், 2023-ல் அதோடு சேர்ந்து இறங்கியவர். இறங்கிய பிறகும் அஜாக்ஸியோ அவரை அனுப்பவில்லை, அவரும் விட்டுப் போகவில்லை. இன்னும் ஒரு வருடம் அங்கேயே இருந்தார். லொரியன்ட் அவரைக் கூப்பிட்டபோது அவரிடம் என்ன கேட்டார்கள் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது, ஆனால் அந்த அறைக்குள் இருந்தவர்கள் யாரோ அவர்களுக்குத்தான் அது தெரியும். 2025 வசந்தத்தில் லொரியன்ட் இரண்டாம் பிரிவின் சாம்பியனாக மேலே போனது. வெம்பிளியில் வாட்சன் பந்தை வளைத்தது அதற்குச் சில வாரம் கழித்து.